கோர்ட்டு பாயும் பாலத்தில் படுத்த வண்டியும்

கோர்ட்டு பாய் விசாரிக்காத குடும்பம் மயிலாப்பூரில் கிடையாது. கார் வைத்திருக்கிற குடும்பத்தைச் சொல்கிறேன். கார் இல்லாதவர்கள் தப்பித்தார்கள். மற்றபடி வக்கீலாக இருந்தாலும் சரி, வக்கீலையே மிரட்டுகிற ஆளாக இருந்தாலும் சரி, வண்டி மக்கர் பண்ணி அவர் ஷெட்டுக்கு வந்துவிட்டால், பெண்டாட்டி பிள்ளைகளோடு வேப்பமரத்தடியில் வரிசையாக நின்று பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஷெட் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். மந்தைவெளியிலிருந்து அபிராமபுரம் போகிற வழியில் ஒரு சந்து. சந்து முனையில் டீக்கடை, உள்ளே ஒரு தகரக் கூரை, அதற்கு முன்னால் அந்த வேப்பமரம். மரத்தில் பழைய லாரியின் பிரேக் டிரம் ஒன்று சங்கிலியில் தொங்கும். பாய் ஸ்பேனரால் அதை ஒரு தட்டுத் தட்டினால், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம்கூட நின்றுவிடும். "எல்லாரும் அமைதியா இரு! வண்டிக்காரங்க மட்டும் பேசு!" என்பார். அதனால்தான் கோர்ட்டு பாய். அவருடைய நிஜப் பேர் அவர் வீட்டு ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது.

அவர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். காரில் வயர், விளக்கு, சென்சார் இந்தச் சமாசாரம் மட்டும்தான் தொடுவார். சட்டை எப்போதும் வெள்ளை வெளேரென்று இருக்கும். கரியும் புகையும் புரள்கிற தொழிலில் எதற்கு இந்தச் சலவை என்று ஒருமுறை கேட்டேன். "கிரீஸ் பூசிக்கினு நிக்கறவன் மெக்கானிக்கு, நைனா. சட்ட கசங்காம வேல முடிக்கிறவன் வயர்க்காரன்," என்றார். அடக்கம் என்ற பொருளை அந்தச் சந்தில் யாரும் அவரிடம் பார்த்ததில்லை. எனக்கும் அந்தப் பழக்கம் கிடையாது என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவருடைய தொழில் தர்மம் ஒன்றே ஒன்று. வண்டிக்குக் கோளாறு வந்த அன்றைக்கு உள்ளே யார் யார் இருந்தார்களோ, அத்தனை பேரும் வர வேண்டும். எந்த சீட்டில் உட்கார்ந்தார்களோ அதே சீட்டில் உட்கார வேண்டும். டிக்கியில் என்ன இருந்ததோ அது இருக்க வேண்டும். அதே ரோட்டில், அதே பேச்சைப் பேசிக்கொண்டு, அவரைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போக வேண்டும். அதற்கு முன்னால் பானெட்டைத் திறக்கவே மாட்டார்.

"வண்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது, நைனா. ஓட்டினு வர்றவன்தான் சொல்லுவான். ‘நான் ஒண்ணுமே பண்ல பாய், தானா நின்னுடுச்சு’ம்பான். தானா நிக்கறதுக்கு அது இன்னா, கோவிச்சுக்கினு போன மருமவளா?"

மாட வீதிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டு டீச்சர் வந்தார். அவருடைய கார் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நிற்கும். மற்ற நாளில் குதிரை மாதிரி ஓடும்.

"ஆத்துலேர்ந்து கிளம்பறச்சே நன்னாத்தான் இருக்கு. கோவில் கிட்ட வந்தா அப்படியே நின்னுடறது," என்றார் டீச்சர்.

"வரும்போது வண்டியில இன்னா பண்ணினு வந்தீங்க?"

"என்ன பண்ணுவா? பாடிண்டு வந்தேன்."

"அப்ப பாடுங்க."

"இங்கேயா? நான் எதுக்குப் பாடணும்? வண்டிதானே ரிப்பேர்?"

பாய் டிரம்மை ஒரு தட்டுத் தட்டினார். டீச்சர் பாடினார். லஸ்ஸிலிருந்து அடையாறு வரைக்கும் பாடினார், சிக்னலில் நிற்கும்போதுகூட விட மாட்டேன் என்றார் பாய். பின் சீட்டில் டீச்சரின் தம்பூரா படுத்திருந்தது. வெள்ளிக்கிழமை கச்சேரிக்கு மட்டும் அதைக் கொண்டுபோவாராம். அதன் குடம் சீட்டை அமுக்க, சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்புக்குப் போகிற வயர் லூசாகி இருந்தது. கிளம்பி ஒரு தெரு தாண்டுவதற்குள் பாய் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அப்புறம் ஏன் பாய் அந்தம்மாவ அடையாறு வரைக்கும் பாட வச்சே?" என்று கேட்டேன்.

"ஷோக்கா பாடுச்சு நைனா. நிறுத்தச் சொல்ல மனசு வரல."

எல்லாத் தீர்ப்பும் சரியாக வந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. தி.நகர்க்காரர் ஒருவருடைய வண்டியில் தினமும் பேட்டரி இறங்கிப் போனது. பாய் குடும்பத்தை நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்து, மாமியார்தான் ராத்திரி இறங்கும்போது கதவைச் சரியாகச் சாத்துவதில்லை என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் மருமகனோடு பேச்சை நிறுத்தினார். பேட்டரி அதற்கப்புறமும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒருவேளை டிக்கியை மூடிய பிறகும் உள்ளே விளக்கு எரிகிறதோ என்று பாய்க்குச் சந்தேகம் வந்தது. அதை எப்படிப் பார்ப்பது? அவரே டிக்கிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டு, "மூடுங்க!" என்றார். மூடியது மாமியார். விளக்கு எரிகிறது, எரிகிறது என்று உள்ளேயிருந்து பாய் கத்துகிறார். திறக்க அந்த அம்மாள் எந்த அவசரமும் காட்டவில்லை. டீ வாங்கி, ஆற்றி, குடித்துவிட்டுத்தான் சாவியை எடுத்தார். வெளியே வந்த பாய் சட்டையை உதறிக்கொண்டு, "தீர்ப்பு தப்புன்னா அப்பீல் பண்ணணும்மா, இப்படியா அடைப்பாங்க?" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரின் கூண்டில் நானும் ஏற வேண்டி வந்தது.

நான் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற தொழில். தென்சென்னையில் என் நாற்காலியில் உட்காராத ஒரு ஆளைக் காட்டுங்கள், அவன் வாழ்நாள் முழுக்க நின்றே சாப்பிட்டவனாக இருப்பான். எட்டாம் வகுப்பு வாசல்வரை போய்த் திரும்பி வந்தவன் நான். ஆரம்பத்தில் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் நாற்காலியை ஆள் உயரத்துக்கு அடுக்கி, நானே மிதித்துக்கொண்டு கிண்டி வரைக்கும் போவேன். மற்றவர்களுக்கு மூலதனம் பாங்கில் இருக்கும். எனக்கு முழங்காலுக்குக் கீழே இருந்தது. அந்தக் காலால் மிதித்து மிதித்துத்தான் இன்றைக்கு இரண்டு குடோன், சொந்த வீடு, ஒரு வெள்ளை நிற டீசல் கார் எல்லாம். அந்தக் காரை டிரைவர் வைத்து ஓட்டியதில்லை. நான் வாங்கியதை நான்தான் ஓட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருவான்மியூர் கோயிலுக்குக் கிளம்பினோம். நான் ஓட்ட, பக்கத்து சீட்டில் என் மனைவி கோமளா, எனக்குப் பின்னால் என் மகன் தினகர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், நல்ல பிள்ளை, ஆனால் எதையும் யோசித்துப் பேசுவான். அந்த ஒரு குறைதான். அடையாறு பாலத்தில் ஏறுகிறோம். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வண்டி மேலே போக மாட்டேன் என்கிறது. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னா பெருசு, பாலத்து மேல காத்து வாங்கினு கீறியா? பீச்சுக்குப் போய் வாங்கு!"

ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி பாய்ந்து ஓடுகிறது. அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரம் ராஜா அண்ணாமலைபுரம் சிக்னலில். கிண்டியில் கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனான் தினகர். மிஷினை மாட்டிப் பார்த்து, ஆக்ஸிலேட்டர் பெடலில் இருக்கிற சென்சார் சரியாகப் பேசவில்லை என்றார்கள். பெடலையே புதுசாக மாற்றினார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு கோமளாவோடு பாலத்தில் ஏறினேன். படுத்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் தினகர் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவன் யோசித்துவிட்டான் என்று தெரிந்தது.

"அப்பா, நான் ஓட்டினா ஒரு தடவகூட இது வரல. அதே பாலம், பக்கத்துல அதே அம்மா. நீங்க ஓட்டினா மட்டும்தான் வருது. பெடலும் புதுசு. அப்ப மிச்சம் என்ன இருக்கு?"

"என்ன இருக்கு?"

"உங்க கால்தான் இருக்கு. பெடல்ல ஒழுங்கா நிக்கல. நடுங்குதுன்னு நெனைக்கறேன்."

"நான் தனியா போறப்ப வர்றதில்லையேடா?"

"தனியா போறப்ப வந்தா நீங்க சொல்லவா போறீங்க?"

யாருடைய காலைப் பார்த்து என்ன பேச்சு! கோமளா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். எப்போதும் எனக்காக நாலு வார்த்தை பேசுகிறவள். தினகர் குரலைத் தணித்தான். "கோவிச்சுக்காதீங்கப்பா. வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள வண்டியிலதான் கோளாறுன்னு காட்டுங்க, நான் வாயத் தொறக்கல. இல்லன்னா சாவி என்கிட்ட இருக்கட்டும்."

மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கோர்ட்டு பாயின் மரத்தடியில் போய் நின்றேன்.

கதையைக் கேட்டதும் பாய் கண்ணை மூடிக்கொண்டார். "கேஸு ஸ்ட்ராங்கா கீதே நைனா. தம்பி சொல்றதுல நியாயம் கீது."

"நீ யார் பக்கம் பாய்?"

"வயரு பக்கம்." கண்ணைத் திறந்தார். "இந்த பெடலுக்குள்ள ரெண்டு சென்சார் கீது. ரெண்டு சாட்சின்னு வச்சுக்க. நீ எவ்ளோ மிதிக்கறேன்னு ரெண்டும் தனித்தனியா வண்டியோட மூளைக்குச் சொல்லும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா வண்டி ஓடும். ஒருத்தன் உளறினான்னு வை, எவன நம்பறதுன்னு மூளைக்குத் தெரியாது. பயந்துகினு, எதுக்கு வம்புன்னு நட வேகத்துக்கு எறக்கி வுட்டுடும். அதான் உன் வண்டி பாலத்துல படுக்கறது."

"பெடல்தான் புதுசு மாத்தியாச்சே?"

"சாட்சி புதுசு. சாட்சி வர்ற ரோடு பழசு. வயரு நைனா, வயரு! பெடல்லேருந்து மூளைக்குப் போற வழியில எவனோ சாட்சிய மறிக்கறான். எல்லாரையும் இட்டுகினு வா."

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் ஆஜரானோம். தினகர் சிரித்துக்கொண்டே வந்தான். கோமளா சிரிக்கவில்லை.

"அண்ணி, அன்னிக்கு இன்னா பொடவ?"

"மாம்பழக் கலரு. அதுக்கும் வண்டிக்கும் இன்னா பாய் சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லன்னு பாத்தப்புறம்தானே தெரியும்? செருப்பு?"

"இதே செருப்புதான்."

"கையில?"

"பூக்கூட. தேங்கா, பழம். மடியில வச்சுகினு இருந்தேன்."

டீக்கடையிலிருந்து ஒரு வாழைப்பழத் தார் கூடைக்குள் ஏற்றப்பட்டது. புடவை மாற்றிக்கொண்டு வரச் சொல்லிக் கோமளாவை வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருப்பார் பாய், மாம்பழக் கலர் புடவை சலவைக்குப் போயிருந்ததால் விட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வண்டியில இன்னா பேசினீங்க?"

நான் கோமளாவைப் பார்த்தேன். கோமளா வேப்பமரத்தைப் பார்த்தாள். தினகர்தான் சொன்னான். "சண்ட போட்டாங்க."

"எத்தப் பத்தி?"

"மாமாவப் பத்தி. அம்மாவோட தம்பி. வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு அப்பாகிட்ட நாற்காலி எடுத்தாரு. எல்லாம் திரும்பி வந்துச்சு, ஒண்ணு மட்டும் வரல. அவரு பால்கனியில அதப் போட்டு உக்காந்துதான் பேப்பர் படிக்கறாரு."

"ரொம்ப நல்லது," என்றார் பாய். "அதே சண்டயப் போடுங்க."

தினகரை எனக்குப் பின்னால் உட்காரவைத்து, கையில் செல்போன் மாதிரி ஒரு டப்பாவைக் கொடுத்தார். அதன் வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஓட்டையில் சொருகினார். அந்த டப்பாவில் இரண்டு கோடு ஓடும். நான் மிதித்தால் இரண்டும் ஒன்றாக ஏறும், விட்டால் ஒன்றாக இறங்கும். "தம்பி, கோட்ட விட்டுக் கண்ண எடுக்காத. ஒண்ணு மட்டும் சறுக்கினா கத்து," என்று சொல்லிவிட்டுக் கோமளாவுக்குப் பின்னால் பாய் ஏறிக்கொண்டார்.

கிளம்பினோம். வண்டி அருமையாகப் போனது. பாய் என் தோளைத் தட்டினார். "ஊம். ஆரம்பி."

நான் தொண்டையைச் செருமினேன். "உன் தம்பி அந்த நாற்காலிய இன்னும் தரல."

"தருவான்," என்றாள் கோமளா.

"சரி."

"நிறுத்து நைனா!" என்று பாய் கத்தினார். "இது சண்டயா? பொண்ணு பாக்க வந்த எடத்துல பேசற மாதிரி கீது. அன்னிக்கு மொத வார்த்த யாரு எடுத்தது?"

"இவருதான்," என்றாள் கோமளா. "‘உங்க வம்சமே அப்படித்தான்’னு ஆரம்பிச்சாரு."

"அப்படியா நைனா? சொல்லு."

சொன்னேன். முதலில் ஒப்புக்குத்தான் சொன்னேன். ஆனால் அந்த வார்த்தைக்குள் என்ன மருந்து இருக்கிறதோ, வாயிலிருந்து வெளியே வந்ததும் சூடேறிவிட்டது. "ஒரு நாற்காலியத் திருப்பித் தர வக்கில்லாத வம்சம்!"

"யாரு வம்சம்? எங்கப்பா வீட்டுல தேக்கு நாற்காலி இருந்துச்சு, பிளாஸ்டிக் இல்ல!"

"தேக்கு நாற்காலி இருக்கறவன் எதுக்கு என் பிளாஸ்டிக்குல உக்காந்து பேப்பர் படிக்கறான்?"

"நீங்க பெரிய ஆளுன்னு உங்க ஞாபகமா வச்சிருக்கான்!"

"சூப்பரு! இது அன்னிக்கு வந்துச்சா?" என்றார் பாய்.

"இது புதுசு," என்றான் தினகர், டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பரவால்ல, வுடாத அண்ணி!"

எனக்கு அதற்குமேல் பாய் இருப்பதே மறந்துபோனது. பேசிக்கொண்டே மிதித்தேன். பாலத்தின் ஏற்றம் வந்தது. இடதுபக்கத்திலிருந்து ஒரு ஆட்டோ கையைக்கூடக் காட்டாமல் முன்னால் நுழைந்தது. கோமளா "ஐயோ!" என்றாள். நான் பிரேக்கை மிதித்துவிட்டு, திட்டிவிட்டு, மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இழுவை இல்லை. மஞ்சள் விளக்கு. பின்னால் ஹாரன்.

"சறுக்கிடுச்சு!" என்று தினகர் கத்தினான். "ஒரு கோடு தரையில படுத்துருச்சு!" அதே மூச்சில் அவன் இரண்டு சீட்டுக்கும் நடுவில் எட்டிப் பார்த்தான். "அம்மா! உன் கால எடு!"

"எந்தக் கால?"

"தரைய மிதிச்சுட்டு இருக்கியே, அந்தக் கால!"

கோமளா குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால், கார்ப்பெட்டின் முன்பக்கச் சரிவில், செருப்போடு, உடம்புப் பாரம் மொத்தத்தையும் கொடுத்து ஊன்றி நின்றது. அங்கே பிரேக் எதுவும் கிடையாது. ஆனால் பயம் வந்தால் அவள் மிதிக்கிற இடம் அதுதான். காலை எடுத்தாள். படுத்திருந்த கோடு எழுந்து நின்றது.

பாலத்தைத் தாண்டி ஓரங்கட்டி, வண்டியை அணைத்துக் கிளப்பினோம். "மிதிம்மா," என்றான் தினகர். மிதித்தாள், கோடு விழுந்தது. "எடும்மா." எழுந்தது. சின்னப் பிள்ளைக்குப் புது பொம்மை கிடைத்த மாதிரி அவன் திரும்பத் திரும்ப மிதிக்கச் சொன்னான். என் காலைக் குற்றம் சொன்னவனே என் காலுக்காக வாதாடிக்கொண்டிருந்தான், அது அவனுக்கே ஞாபகம் இல்லை. அவன் ஓட்டும்போது அம்மா பயப்படுவதில்லை, அதனால் மிதிப்பதும் இல்லை. வண்டியும் படுப்பதில்லை.

"நான்தான் சொன்னேனே, ரோட்டுல எவனோ மறிக்கறான்னு," என்று பாய் காலரைச் சரி செய்துகொண்டார். கண்டுபிடித்தது தினகர் என்பதை அவர் அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

ஷெட்டுக்குத் திரும்பி இடதுபக்கக் கார்ப்பெட்டைத் தூக்கினார். போன தீபாவளிக்கு வண்டியில் பெரிய ஸ்பீக்கர் மாட்டிய புண்ணியவான், கட்டாக ஓடுகிற வயர்களை வெளியே இழுத்து வேலை முடித்துவிட்டு, அதன் குழிக்குள் திரும்ப வைக்காமல் அப்படியே கார்ப்பெட்டைப் போட்டு மூடியிருக்கிறான். அதன் மேல்தான் கோமளாவின் செருப்பு வாராவாரம் இறங்கியிருக்கிறது. ஒரு வயரின் தோல் உரிந்து செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அமுக்கும்போதெல்லாம் அது வண்டித் தகரத்தைத் தொட, அந்தச் சாட்சி உளற, மூளை பயந்துகொள்ள, பாலத்தில் நான் ஆட்டோக்காரனிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். பாய் அந்த இடத்தை வெட்டி, புது வயர் ஒட்டி, உறை போட்டு, குழிக்குள் அடக்கி மூடினார். சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

பிறகு டிரம்மை அடித்தார். சந்தே திரும்பிப் பார்த்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க! மொதலாளி கால்ல ஒரு கொறையும் இல்ல! குத்தவாளி வயரு! மிதிச்சது அண்ணி, ஆனா தெரியாம மிதிச்சாங்க, அதனால மன்னிச்சு வுட்டாச்சு!"

டீக்கடையில் கைதட்டினார்கள். நான் தினகர் முன்னால் கையை நீட்டினேன். அவன் வண்டியிலிருந்து சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்து, "ஸாரிப்பா," என்றான். நாற்காலிகளைத் தலையில் சுமந்த காலத்தில்கூட என் கழுத்து அவ்வளவு நேராக நின்றதில்லை. கோமளாவும் அவனும் டீ சொல்லப் போனார்கள்.

பாய் கை கழுவுகிற சாக்கில் என்னை ஷெட்டுக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கம் கூப்பிட்டார். அந்த மனிதர் குரலைத் தணித்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நைனா, நான் அண்ணிக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன். அங்கேருந்து பாத்தா உன் காலு நெல்லாத் தெரியும்."

"அதுக்கு?"

"ஆட்டோ உள்ள பூந்தப்ப அண்ணி கால் மொதல்ல மிதிச்சுது. உன் காலு அதுக்கப்பால போச்சு."

"எவ்ளோ அப்பால?"

"ஒரு மூச்சு வுடற நேரம்." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். காய்ந்த பிறகும் துடைத்தார். "அண்ணி சும்மா மிதிக்கல. நீ மிதிக்க மாட்டேங்கறேன்னு மிதிக்குது. இன்னிக்கு ஆட்டோ, அவன் தப்பிச்சுக்கினான். நாளைக்கு எதுனா ஒரு கொழந்த குறுக்க வந்துச்சுன்னா?"

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. மீன்பாடி வண்டி, கிண்டி, என் கால், இதெல்லாம் வந்தது. அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"முடிச்சிட்டியா? இத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். இந்த கேஸுல இது இல்ல. டீ ஆறுது, வா."

இரண்டு வாரம் ஓட்டினேன். வண்டி ஒருமுறைகூடப் படுக்கவில்லை. ஆனால் என் கண் ரோட்டில் இல்லை, கோமளாவின் காலில் இருந்தது. மந்தைவெளி சிக்னலில் ஒரு ஸ்கூட்டர் திரும்பியபோது அவள் கால் முன்னால் போனது. என் கால் பிறகுதான் போனது. ஆழ்வார்பேட்டையில் இன்னொருமுறை. பாய் சொன்ன அந்த ஒரு மூச்சு அங்கேயே இருந்தது. கோமளாவுக்கு அது எத்தனை நாளாகத் தெரியுமோ! அன்றைக்கு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சாவியைத் தினகர் முன்னால் வைத்தேன். "இந்த டிராஃபிக்குல மனுஷன் ஓட்டுவானா? மொதலாளின்னா பின்னாடி காலாட்டினு உக்காரணும். இனிமே நீ ஓட்டு."

"அப்பா, அதான் வயரு சரியாயிடுச்சே? உங்க கால்ல ஒண்ணும் இல்லன்னு பாயே சந்துல நின்னு சொன்னாரே?"

"ஆமா சொன்னாரு. அதனாலதான் தர்றேன். தோத்துப்போய்த் தரல, ஜெயிச்சுட்டுத் தர்றேன்."

அவன் நம்பினானா தெரியாது. கோமளா மட்டும் ரசம் இன்னொரு கரண்டி ஊற்றினாள். கேட்காமலே.

அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக் காலை வாசலில் யாருடைய காரோ வந்து நின்று ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தால் வெள்ளைச் சட்டை.

"நைனா! சட்டயப் போட்டுக்கினு வா. இது ஒரு அய்யருவூட்டு வண்டி. இண்டிகேட்டர் வேல முடிச்சேன். டெஸ்ட் பாக்கணும், பக்கத்துல ஒரு அனுபவஸ்தன் வேணும்."

போனேன். பெசன்ட் நகர் வரைக்கும் போய்த் திரும்பினோம். வழி முழுக்க நான் கியர் எப்போது மாற்ற வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன், அவர் சொன்னபடியே மாற்றிக்கொண்டே வந்தார். அடுத்த வாரம் வேறு ஒரு வண்டி, திருவான்மியூர். அதற்கடுத்த வாரம் டாக்டர் ஒருவருடையது. ஹெட்லைட் வேலை என்றார், பட்டப்பகலில் கடற்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். இன்றுவரைக்கும் ஒரு ஞாயிறு தவறியதில்லை.

அந்த வண்டிகளில் என்னால் ஒரு பிரயோஜனமும் கிடையாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஊரில் அத்தனை பேரையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற மனுஷன், ஏன் நைனா நீ இப்பல்லாம் வண்டி ஓட்டறதில்ல என்று என்னிடம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.